கடன் இல்லை, சில்லறை! – மாண்டிசோரி அம்மையார் வாழ்க்கை

(கணித மன்றப் பக்கம் – எழுதியது 9ஆம் வகுப்பு மாணவி)



போன மாதம் என் தம்பி வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். அவன் 3ஆம் வகுப்பு. 52-இல் இருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். 2-ல இருந்து 7 போகாது, பக்கத்து வீட்டுல 1 கடன் வாங்குடான்னு சொன்னேன். நாமெல்லாம் அப்படித்தானே படிச்சோம்? அவன் பென்சிலைக் கீழே வச்சிட்டு, வாங்கின கடனை எப்போ திருப்பிக் கொடுக்கணும்னு கேட்டான். அதோட விட்டானா? வாங்கினது 1 தானே, இங்க வந்ததும் அது எப்படி 10 ஆச்சு, வட்டியா என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. பதில்தான் வரலை. இத்தனை வருஷமா எத்தனையோ கழித்தல் போட்டிருக்கேன், ஒரு நாள்கூட இதை யோசிச்சதில்லை.

மறுநாள் கணக்கு டீச்சரிடம் கேட்டேன். மாண்டிசோரி அம்மையார் வாழ்க்கையைப் படி, பதில் அதுக்குள்ளேயே இருக்கு என்று சொல்லி நூலகத்துக்கு அனுப்பிவிட்டார். படித்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். மதிய இடைவேளையில் நின்று படியுங்கள்.

டீச்சர் வேலை வேண்டாம் என்ற பெண்

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா அலெசாண்ட்ரோ அரசாங்க உத்தியோகஸ்தர். அம்மா ரெனில்டே நிறையப் படிக்கிறவர். ஒரே மகள். நன்றாகப் படிக்கிற பொண்ணு டீச்சர் ஆகட்டும் என்பது வீட்டில் இருந்தவர்களின் ஆசை. அதுமட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் மரியா! உலகத்துக்கே டீச்சர் என்று பெயர் எடுத்தவர் முதலில் மறுத்தது அந்த வேலையைத்தான்.

13 வயதில் பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். கணக்கு என்றால் உயிர். இன்ஜினியர் ஆக வேண்டும் என்று நினைத்தார். பிறகு மனசு மாறி, டாக்டர் படிப்புதான் என்று பிடிவாதமாக நின்றார். ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவ வகுப்பு முழுக்க ஆண்கள். ஆண்களோடு சேர்ந்து நின்று ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பார்ப்பது முறையில்லை என்று அந்தக் காலத்தில் கருதினார்கள். அதனால் எல்லோரும் போன பிறகு சாயங்காலத்தில் தனியாக அந்த அறைக்குள் போய் அவர் படிக்க வேண்டியிருந்தது. நினைச்சுப் பாருங்க, நமக்கு ஆய்வகத்துல தவளைப் படத்தைப் பார்த்தாலே எப்படி இருக்குன்னு.

1896-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர் என்று சில புத்தகங்களில் போட்டிருக்கிறது. அது சரியல்ல. அவருக்கு முன்பே அங்கே சில பெண்கள் மருத்துவப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். முதல் சிலரில் ஒருவர் என்று சொன்னால் சரி.

படிப்பே வராது என்று ஒதுக்கப்பட்டவர்கள்

ரோமில் மனநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, மூளை வளர்ச்சி இல்லை என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளைப் பார்த்தார். அவர்கள் கையில் விளையாட ஒரு பொருள்கூட இல்லை. இவர்களுக்கு மருந்தைவிடப் படிப்புதான் தேவை என்று அவருக்குத் தோன்றியது. அதுவும் கையால் தொட்டுப் படிக்கிற படிப்பு.

பிரான்ஸ் நாட்டில் அவருக்கு முன்பே இத்தார், செகான் என்ற இரண்டு டாக்டர்கள் இந்த வழியில் முயற்சி செய்திருந்தார்கள். அவர்களுடைய புத்தகங்களைத் தேடிப் பிடித்தார். பிரெஞ்சில் இருந்ததைத் தன் கையாலேயே இத்தாலிய மொழியில் முதலில் இருந்து கடைசி வரை எழுதினார். அச்சில் போட இல்லை, ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக யோசிப்பதற்காக. நம்ம சுவர்ப் பத்திரிகையைக் கையால எழுதி எழுதி விரல் வலிக்குதுன்னு சொல்றவங்க இதைக் கவனிக்கணும் (நானும்தான்).

1900-இல் ரோமில் இந்தக் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்று தொடங்கியபோது அவரும் பொறுப்பில் இருந்தார். பகல் முழுக்கக் குழந்தைகளோடு, ராத்திரி முழுக்கக் குறிப்புகளோடு. அந்தக் குழந்தைகளில் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் அதே தேர்வை எழுதித் தேறினார்கள். எல்லோரும் அதிசயம் என்று பாராட்டினார்கள். அம்மையாருக்கோ வேறு கவலை வந்துவிட்டது. இவர்களே இந்த மார்க் வாங்க முடியுமென்றால், நல்லா இருக்கிற பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் என்ன செய்து வைத்திருக்கின்றன? அவருடைய மீதி வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குப் பின்னால்தான் போனது.

இதற்கு நடுவில் ஒரு துக்கமும் உண்டு. 1898-இல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். உடன் வேலை பார்த்த டாக்டர்தான் தந்தை. கல்யாணம் நடக்கவில்லை. அந்தக் காலத்துச் சமூகத்தில் குழந்தையைப் பற்றி வெளியே தெரிந்தால் அவருடைய வேலை, பெயர் எல்லாம் போயிருக்கும். மகன் கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் வழி தேடியவர் தன் பிள்ளையை எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வருவார். மரியோ தாயுடன் வந்து சேரும்போது அவனுக்குச் சுமார் 15 வயது. அதற்குப் பிறகும் ஒரு தடவை போர் இருவரையும் பிரித்தது. அது நம்ம தமிழ்நாட்டில் நடந்தது. பின்னால் சொல்கிறேன்.

குழந்தைகள் வீடு

ரோமில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளிகள் குடியிருந்த பகுதி. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் சின்னப் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். கட்டடத்துக்காரர்களுக்கு வேண்டியது அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், அவ்வளவுதான். டாக்டர் மாண்டிசோரி அந்தப் பொறுப்பை ஏற்றார். 1907 ஜனவரி 6 அன்று அங்கே குழந்தைகள் வீடு திறக்கப்பட்டது. சின்ன மேசை, சின்ன நாற்காலி, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் அலமாரி. நம்ம அங்கன்வாடியில் இப்போ பார்க்கிற சின்ன நாற்காலிக்கும் அதுக்கும் சொந்தம் உண்டு.

அங்கே கணக்கு எப்படித் தொடங்கியது? பத்துக் கோல்கள். முதல் கோல் 10 செ.மீ., இரண்டாவது 20, இப்படிப் போய்ப் பத்தாவது 1 மீட்டர். ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் சிவப்பு, நீலம் என்று மாறி மாறி வண்ணம். வரிசையாக அடுக்கினால் படிக்கட்டு மாதிரி நிற்கும். 1-ஆம் கோலை 9-க்குப் பக்கத்தில் வைத்தால் 10-இன் நீளம் வந்துவிடும். 2-ஐ 8-க்கும், 3-ஐ 7-க்கும், 4-ஐ 6-க்கும் பக்கத்தில் வைக்கலாம். 5 மட்டும் ஜோடி இல்லாமல் நிற்கும். அதையே இரண்டு முறை போட்டு அளந்தால் 10. பத்தின் ஜோடிகளை நாம் ஒப்பித்து மனப்பாடம் செய்தோம். அந்தக் குழந்தைகள் தூக்கிச் சுமந்து தெரிந்துகொண்டார்கள். 5 என்பது ஐந்து தனித்தனிப் பொருள் இல்லை, ஒரே முழுக் கோல் என்பதும் கையில் பிடித்த உடனே தெரிந்துவிடும்.

உப்புத்தாளில் எண்களை வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருப்பார். குழந்தை விரலால் தடவிப் பார்க்கும். எழுதும் முன்பே கைக்கு எண்ணின் வளைவு பழகிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கதிர்ப் பெட்டி. 0 முதல் 9 வரை எழுதிய பத்து அறைகள். நூல் நூற்கும் கதிர் போன்ற 45 குச்சிகள். 1 அறையில் 1 குச்சி, 2 அறையில் 2 என்று போட்டுக்கொண்டே போக வேண்டும். 0 அறை காலியாக இருக்கும். பூச்சியம்னா என்னன்னு கேட்டா, அந்தக் காலி அறையைக் காட்டினாப் போதும்! நடுவில் எங்கேயாவது தப்பாக எண்ணிவிட்டால் 9-க்கு வரும்போது குச்சி குறையும் அல்லது மிஞ்சும். 1 முதல் 9 வரை கூட்டினால் 45 வரும் அல்லவா? பெட்டியே தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். டீச்சர் சிவப்பு மை எடுக்க வேண்டிய வேலையே இல்லை.

மணியும் கம்பியும்

தம்பியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. 1907-இல் இந்த மணிகள் இல்லை. அதற்குப் பின் வந்த வருஷங்களில் அவர் உருவாக்கியவை.

ஒரு தங்க நிற மணி – அது ஒன்று. பத்து மணிகளைக் கம்பியில் கோத்தால் ஒரு பத்து. அப்படிப் பத்துக் கம்பிகளைச் சேர்த்துப் பிணைத்தால் ஒரு சதுரம், நூறு. பத்துச் சதுரங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு கனசதுரம், ஆயிரம். ஒன்று ஒரு புள்ளி. பத்து ஒரு கோடு. நூறு ஒரு பரப்பு. ஆயிரம் ஒரு பெட்டி. ஒன்றை இரண்டு விரலால் எடுக்கலாம். ஆயிரத்தைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். தாளில் எழுதினால் 1-க்கும் 1000-க்கும் மூன்று பூச்சியம்தான் வித்தியாசம். கையில் வாங்கினால்தான் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று புரியும்.

ஜீயபுரத்துக்காரங்களான நமக்கு இது புதுசா? காய், சீப்பு, தார் என்று வாழையை நாம் அப்படித்தானே பார்க்கிறோம்? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அப்பாவிடம் கேட்டபோது மேல் சீப்பில் இருக்கிற அளவு காய் கீழ்ச் சீப்பில் இருக்காது என்றார். தாருக்குத் தாரும் மாறும். மாண்டிசோரி மணியில் அந்தச் சிக்கல் இல்லை. எந்தக் கம்பியை எடுத்தாலும் பத்துதான். இந்த ஒழுங்குதான் முக்கியம்.

இப்போ 52-ஐ எடுங்க. 5 கம்பி, 2 மணி. இதில் இருந்து 7 மணி எடுக்க வேண்டும். இருப்பது 2. என்ன செய்வது? ஒரு கம்பியைக் கொண்டுபோய் வங்கியில் கொடுத்து (மணிகள் வைத்திருக்கும் இடத்துக்கு அந்த விளையாட்டில் வங்கி என்று பெயர்) பத்து உதிரி மணிகளாக மாற்றி வர வேண்டும். இப்போது கையில் 4 கம்பி, 12 மணி. அப்போதும் 52 தான்! ஒரு மணிகூடக் கூடவில்லை, குறையவில்லை. 12-இல் 7 போனால் 5. 4 கம்பியில் 2 போனால் 2. விடை 25. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. நடந்தது சில்லறை மாற்றியது மட்டும்தான். பத்து ரூபாய் நோட்டைக் கடையில் கொடுத்துப் பத்து ஒரு ரூபாய்க் காசு வாங்கினால் அதைத் திருப்பித் தரணுமா என்ன?

இன்னொன்று. 1000-இல் இருந்து 1-ஐக் கழிக்கச் சொன்னால், பக்கத்து வீடு பூச்சியம், அதற்குப் பக்கத்து வீடும் பூச்சியம். இல்லாதவங்ககிட்ட எப்படிக் கடன் வாங்குறது என்று நம்மில் பலர் முழித்திருப்போம். மணியில் பாருங்கள். கனசதுரத்தைக் கொடுத்து 10 சதுரம். ஒரு சதுரத்தைக் கொடுத்து 10 கம்பி. ஒரு கம்பியைக் கொடுத்து 10 மணி. அதில் ஒரு மணியை எடுத்துவிட்டால் மீதி 9 சதுரம், 9 கம்பி, 9 மணி. 999-இல் எல்லாம் ஏன் 9 ஆகிறது என்று எனக்கு 14 வயதில்தான் புரிந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தமிழில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பதினொன்று என்று சொல்லும்போதே பத்தும் ஒன்றும் காதில் கேட்கும். அது நமக்கு வசதி. ஆனால் 90-க்கு வந்தால் தொண்ணூறு! நூறு என்ற சத்தம் உள்ளே வந்துவிடுகிறது. 900 தொள்ளாயிரம், அதில் ஆயிரம் வந்துவிடுகிறது. தம்பி தொண்ணூற்று மூன்றை 193 என்று எழுதியிருக்கிறான். 9 கம்பியைக் கண்ணால் பார்த்தவனுக்கு இந்தத் தப்பு வராது.

பெருக்கலும் அப்படித்தான். 4 மணிக் கம்பிகள் நாலை வரிசையாக வைத்தால் சதுரம் கிடைக்கிறது. 4-இன் வர்க்கம் 16 என்று நாம் படிக்கிறோம், அந்த வர்க்கம் ஒரு சதுர வடிவம் என்பதை யார் நினைக்கிறார்கள்? 8 மணிக் கம்பி ஏழை அடுக்கிவிட்டுப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் அதுவே 7 மணி எட்டு வரிசை. 7 பெருக்கல் 8-ம் 8 பெருக்கல் 7-ம் ஒன்று என்பதற்கு நிரூபணம் வேறு வேண்டுமா? எங்கள் 9ஆம் வகுப்புக்காரர்களுக்கு ஒரு செய்தி. (அ + ஆ) என்பதன் கனத்தை விரித்து எழுத நாம் திணறுகிறோமே, அதை அவர் 8 வண்ண மரத்துண்டுகளாகச் செய்து ஒரு பெட்டியில் போட்டு வைத்தார். அது இயற்கணிதம் என்று தெரியாமலேயே சின்னக் குழந்தைகள் பிரித்து அடுக்கி விளையாடுவார்கள்.

போர் கொண்டுவந்து சேர்த்த விருந்தாளி

புகழ் சீக்கிரமே பரவியது. 1915-இல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை அமைத்து, குழந்தைகள் படிப்பதை வெளியே இருந்து ஜனங்கள் பார்க்கும்படி செய்தார். 1931-இல் லண்டனில் காந்தியடிகள் அவரைச் சந்தித்தார். அவர் வருவதற்கு முன்பே நம் நாட்டுக்கு அவருடைய முறை வந்துவிட்டது. குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-லேயே பாலமந்திர் தொடங்கி அந்த வழியில் நடத்தினார்.

இத்தாலியில் முசோலினி அரசு முதலில் அவரை ஆதரித்தது. அவரும் அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார். இது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் பிள்ளைகளைப் போருக்குத் தயார் செய்யும் படிப்பும் அவருடைய படிப்பும் ஒத்துப்போகவில்லை. 1934-இல் முறிந்தது. ஸ்பெயினில் போய் இருந்தார். அந்த வருடம்தான் எண்கணிதம் பற்றிய அவருடைய பெரிய புத்தகம் பார்சிலோனாவில் வெளிவந்தது. 1936-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. ஹாலந்துக்குப் போனார்.

1939 கடைசியில், 69 வயதில், மகன் மரியோவுடன் சென்னை வந்து இறங்கினார். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். முதல் பயிற்சிக்கு வந்தவர்கள் சுமார் 300 பேர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். சில மாதம் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசுக்கு இத்தாலிக்காரர்கள் அனைவரும் எதிரி நாட்டவர். மரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மையார் வெளியே போகக்கூடாது என்று கட்டுப்பாடு. மகனைச் சின்ன வயதில் விட்டுப் பிரிந்தவர், 70 வயதை நெருங்கும்போது மறுபடியும் பிரிந்தார். ஆகஸ்ட் 31 அன்று அவருடைய 70ஆவது பிறந்த நாள். அதை ஒட்டி மரியோ விடுவிக்கப்பட்டார். அந்தச் செய்தியில் அரசு மரியோவை அவருடைய மகன் என்றே குறிப்பிட்டிருந்தது. அதுவரை வெளியில் உறவுக்காரப் பையன், தத்துப் பிள்ளை என்றுதான் சொல்லி வந்திருந்தார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு, எதிரி அரசாங்கத்துக் காகிதத்தில்!

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் இருந்தார்கள். திருச்சியில் ரயில் ஏறினால் திண்டுக்கல் தாண்டி கொடை ரோடு ஸ்டேஷன் வருமே, அதற்கு மேலே இருக்கும் மலைதான். நாம அங்க ஏரியில படகு விடத்தான் போறோம். இலங்கையைச் சேர்ந்த லேனா விக்கிரமரத்ன என்ற ஆசிரியையும் அவர்களோடு சேர்ந்து சின்னப் பள்ளி நடத்தினார். பல வயதுப் பிள்ளைகள் ஒரே இடத்தில். இலை, பூச்சி, பாறை எல்லாமே பாடம். 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான பாடமுறை பெரும்பாலும் அங்கேதான் உருவானது.

1946-இல் ஐரோப்பா திரும்பி, 1947-இல் மறுபடி இங்கே வந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். 1949-இல் கடைசியாக விடைபெற்றார். 1949, 1950, 1951 மூன்று வருடமும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது; கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று ஹாலந்தில் நோர்ட்விக் என்ற கடலோர ஊரில், 81 வயதில் காலமானார். அடக்கமும் அங்கேயே. 1990-இல் இத்தாலி தன் 1000 லிரா நோட்டில் அவர் படத்தைப் போட்டது. ஆயிரம்! யாரோ மணிக் கனசதுரத்தை மனசில் வைத்துத்தான் அந்த நோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நம்ப எனக்கு ஆசை.

அவருடைய பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். திருச்சியிலேயே எத்தனையோ நர்சரி வாசலில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே மணி இருக்கிறதா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். அரசுப் பள்ளிகளில் 2003-இல் சென்னை மாநகராட்சியில் தொடங்கி, 2007-இல் தமிழ்நாடு முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகளைப் பெரிய அண்ணன்கள் அக்காக்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கும். தரையில் உட்கார்ந்து, அவரவர் வேகத்தில் ஏணிப்படி ஏறுகிற படிப்பு. அதுவும் இந்தப் பக்கத்து உறவுதான்.

தம்பி என்ன சொன்னான்?

தங்க மணிப் பெட்டி விலை அதிகம். நான் தென்னந்துடைப்பத்தில் இருந்து ஈர்க்குச்சி உருவி, ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டேன். பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. 52-இல் 27. ஒரு சின்னக் கட்டை அவனே அவிழ்த்தான். கடன் என்ற பேச்சே எடுக்கவில்லை. 100-இல் 1-ஐயும் அவனாகவே செய்தான். பெரிய கட்டை அவிழ்க்கும்போது மட்டும் பாவமாக என்னைப் பார்த்தான், மறுபடி கட்டணுமே என்று.

அடுத்து 1000-இல் 1 வேணும் என்று உட்கார்ந்திருக்கிறான். குச்சி பத்தவில்லை. அம்மா இரண்டு நாளாகத் துடைப்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.